டிடிஎஸ் 6 காட்டினால் டயாலிசிஸ் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமா?

மார்ச் 3, காலை (கேள்வி கேட்டவர்)

டயாலிசிஸ் யூனிட்டில் தண்ணீரைச் சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ. கருவியின் பேனலில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 6 ஓடுகிறது. உள்ளே வரும் குழாய்த் தண்ணீர் 400. அதாவது உப்பில் 98 சதவீதத்துக்கு மேல் வெளியே போய்விட்டது. இதற்கு மேல் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் குளோரின் பார்ப்பது, மாதா மாதம் லேபுக்கு சாம்பிள் அனுப்புவது எல்லாம் ஃபைலுக்காகச் செய்வது, மீட்டர் நன்றாக இருந்தால் போதும் என்று ஒரு டெக்னீஷியன் சொல்கிறார். இது சரியா?

மார்ச் 3, இரவு (நீர் பிரிவு)

சரியில்லை. ஆபத்தான பேச்சு.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து அதை உப்பின் அளவாக மாற்றிச் சொல்கிறது. ஆர்.ஓ. சவ்வு கிழிந்ததா, ஓ-ரிங் கசிகிறதா என்று கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் குளோரமின் (குடிநீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் ஒரு குளோரின் சேர்மம்), பாக்டீரியா, எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு) மூன்றும் அதன் கண்ணுக்குப் படவே படாது. டயாலிசிஸ் தண்ணீரில் மொத்த குளோரின் (தனி குளோரினும் குளோரமினும் சேர்ந்தது) லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மீட்டரோ 5, 6, 7 என்று முழு எண்ணாகத் தாவுகிற கருவி. வரம்பைப் போல ஐந்து மடங்கு குளோரமின் வந்தாலும் அந்த 6 அசையாமல் நிற்கும்.

குளோரமினை ஆர்.ஓ. சவ்வும் சரியாகத் தடுக்காது. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறு, சவ்வு வழியே நழுவிவிடும். அது டயாலிசேட்டுக்கு (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கரைசல்) போய், டயாலைசர் (செயற்கைச் சிறுநீரக வடிகட்டி) வழியாக ரத்தத்தில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடையும், ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன் சுமக்கிற திறனை இழக்கும்.

இதே தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாதே என்று கேட்பவர்கள் உண்டு. குடிப்பது நாளுக்கு இரண்டு லிட்டர், நடுவில் குடல் இருக்கிறது. டயாலிசிஸில் நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் போகிறது. வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். ரத்தத்துக்கும் அதற்கும் நடுவில் இருப்பது முடியிழை போன்ற குழாய்களின் சுவர் மட்டும். குடிநீர்த் தரம் இங்கே எதற்கும் போதாது.

மார்ச் 4 (நீர் பிரிவு)

குளோரமினைப் பிடிப்பது ஆர்.ஓ.வுக்கு முன்னால் உள்ள கார்பன் டேங்க். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் பல யூனிட்களில் இதன் கணக்கே தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு டேங்க், ஒன்றன்பின் ஒன்றாக. தண்ணீர் ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 நிமிடம், மொத்தம் 10 நிமிடம் கார்பனோடு உறவாட வேண்டும். கணக்கு எளிது: கார்பனின் லிட்டர் அளவை, நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகுங்கள்.

தப்பு நடக்கிற இடம் இரண்டு. ஒன்று, ஆர்.ஓ. கொடுக்கிற தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுவது. நிமிடத்துக்கு 10 லிட்டர் சுத்த நீர் தரும் ஆர்.ஓ., பாதியை வடிகாலில் விடுகிறது என்றால் கார்பன் வழியாக ஓடுவது 20 லிட்டர். அப்போது வேண்டியது 200 லிட்டர் கார்பன், டேங்குக்கு 100. பத்தை வைத்துக் கணக்குப் போட்டவர் டேங்குக்கு 50 லிட்டர் போட்டு, பத்து நிமிடம் கிடைக்கிறது என்று எழுதி வைத்திருப்பார். உண்மையில் கிடைப்பது ஐந்து. இரண்டு, டேங்கின் கொள்ளளவையே கார்பன் அளவாக எடுப்பது. பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) செய்யும்போது கார்பன் மேலே எழும்ப இடம் வேண்டும், அதனால் டேங்கை நிரப்பி வைக்க மாட்டார்கள். வாங்கிப் போட்ட கார்பன் எத்தனை லிட்டர் என்ற எண்தான் கணக்குக்கு.

கூடுதல் மெஷின் போடும்போது ஆர்.ஓ.வை மட்டும் பெரிதாக்கி, கார்பனை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது. ஓட்டம் கூடினால் நேரம் குறையும். டேங்க் புதிதாக இருந்தாலும் குளோரமின் தப்பிவிடும்.

மார்ச் 4, இரவு (டயாலிசிஸ் செவிலியர்)

பரிசோதனை செய்கிற விதத்தைச் சொல்கிறேன், மேலே உள்ளவர் அதைத் தொடவில்லை.

ஆர்.ஓ. ஓடத் தொடங்கி குறைந்தது 15 நிமிடம் கழித்துதான் சாம்பிள். ராத்திரி முழுக்கத் தேங்கி நின்ற தண்ணீர் கார்பனோடு பல மணி நேரம் இருந்திருக்கும், அதில் குளோரின் இருக்கவே இருக்காது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு “நார்மல்” என்று எழுதுவதில் பயனில்லை. சாம்பிள் எடுக்கும் இடம் இரண்டு டேங்குக்கும் நடுவில் உள்ள குழாய். நோயாளியை மெஷினில் போடுவதற்கு முன் பார்க்க வேண்டும், பிறகு ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முன்னால். ஷிஃப்ட் என்ற பிரிவே இல்லாமல் தொடர்ந்து ஓடும் இடத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை.

பார்க்க வேண்டியது மொத்த குளோரின். தனி குளோரினுக்கான மருந்தைப் போட்டால் குளோரமின் அதில் தெரியாது.

மார்ச் 5 (கேள்வி கேட்டவர்)

நடுவில் உள்ள குழாயில் 0.1-ஐத் தாண்டிவிட்டால்? டயாலிசிஸை நிறுத்த வேண்டுமா?

மார்ச் 5 (நீர் பிரிவு)

முதலில் அதே இடத்தில் மறுபடி பாருங்கள். மறுபடியும் தாண்டினால் இரண்டாவது டேங்குக்குப் பின்னால் பாருங்கள். அங்கே 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நடந்துகொண்டிருப்பதை முடிக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் டேங்க் தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டாவதை முதல் இடத்துக்கு நகர்த்தி, புதியதைப் பின்னால் போட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் தள்ளக்கூடாது. இரண்டாவதற்குப் பின்னாலும் தாண்டியிருந்தால் எல்லா மெஷினிலும் டயாலிசேட்டை உடனே நிறுத்திவிட வேண்டும். விவாதத்துக்கு அங்கே இடமில்லை.

இதனால்தான் இரண்டு டேங்க். இரண்டையும் பக்கவாட்டில் இணைத்து ஓட்டத்தைப் பிரித்துவிட்ட இடங்களில் இந்த எச்சரிக்கை கிடைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் தீரும்.

மார்ச் 6 (டயாலிசிஸ் செவிலியர்)

சின்ன விஷயம். குளோரின் பரிசோதனையில் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு நிறக்குருடு இல்லை என்று முன்பே சோதித்திருக்க வேண்டும்.

மார்ச் 8 (கேள்வி கேட்டவர்)

குளோரின் புரிந்தது. பாக்டீரியா ரிப்போர்ட் கையில் இருக்கிறது. “ஆர்.ஓ. அவுட்லெட், வளர்ச்சி இல்லை” என்று இருக்கிறது. இது போதுமா?

மார்ச் 8, இரவு (நீர் பிரிவு)

அந்த ஒரு வரியில் மூன்று சந்தேகம் வருகிறது.

எங்கே எடுத்தார்கள்? ஆர்.ஓ. வாசலில் தண்ணீர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கிருமி வளர்வது அதற்குப் பிறகு, சேமிப்புத் தொட்டியிலும் மெஷின்களுக்குப் போகும் லூப் குழாயிலும். லூப் சுற்றி முடித்துத் திரும்பி வரும் இடத்திலும், மெஷின் இணையும் இடங்களிலும் எடுக்க வேண்டும். பழைய மெஷினைக் கழற்றிவிட்டு மூடியைப் போட்டு விட்டுவைத்த முட்டுக் குழாய்கள் இருந்தால் அங்கே ஓட்டமே கிடையாது. கிருமிப்படலம் முதலில் ஒட்டுவது அங்கேதான். தொட்டி வைத்து ஓட்டும் லூப்பில் வேகம் விநாடிக்கு 0.9 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். தொட்டியின் அடிப்பாகம் கூம்பாக இருந்து முழுதாக வடிய வேண்டும், மேலே காற்று புகும் வழியில் 0.2 மைக்ரான் வடிகட்டி வேண்டும்.

எப்போது எடுத்தார்கள்? லூப்பை ப்ளீச் போட்டுக் கழுவிய மறுநாள் எடுத்தால் எந்த யூனிட்டிலும் வளர்ச்சி இல்லை என்றுதான் வரும். அடுத்த கிருமிநீக்கத்துக்குச் சற்று முன்னால், நிலைமை மிக மோசமாக இருக்கும் நாளில் எடுக்க வேண்டும்.

எப்படி வளர்த்தார்கள்? இந்தத் தண்ணீரில் வாழ்பவை பசியில் பழகிய கிருமிகள். நோயாளியின் ரத்தத்துக்குப் போடுகிற சத்து நிறைந்த பிளட் அகாரில் 37 டிகிரியில் வைத்தால் பல முளைக்கவே முளைக்காது. சத்துக் குறைந்த ஆர்2ஏ போன்ற ஊடகத்தில் 17 முதல் 23 டிகிரியில் ஏழு நாள் வைப்பது நெடுநாள் வழக்கம். இரண்டே நாளில் ரிப்போர்ட் வந்திருந்தால் எந்த ஊடகம், எந்த வெப்பநிலை என்று கேளுங்கள்.

எண்கள் இவை. ஐ.எஸ்.ஓ. 23500 வரிசைப்படி டயாலிசிஸ் தண்ணீரில் மி.லி.க்கு 100 பாக்டீரியா காலனிக்குக் கீழ், எண்டோடாக்சின் 0.25 அலகுக்குக் கீழ். ஆனால் 100 வரை காத்திருக்கக்கூடாது, 50-ஐ அல்லது 0.125-ஐத் தொட்டாலே கிருமிநீக்கம் செய்ய வேண்டும். ‘அல்ட்ராப்யூர்’ டயாலிசேட் என்றால் 0.1 காலனி, 0.03 அலகு. மெஷினிலேயே எண்டோடாக்சின் வடிகட்டி இருந்தால்தான் அது சாத்தியம், அந்த வடிகட்டிக்கும் மாற்றும் தேதி உண்டு.

மார்ச் 9 (டயாலிசிஸ் செவிலியர்)

சாம்பிள் எடுக்கும் கை பற்றி ஒரு வார்த்தை. குழாய் முனையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அது காய்வதற்குள் பிடித்தால் ஆல்கஹால் சாம்பிளிலேயே விழுந்து கிருமியைக் கொல்லும். ரிப்போர்ட் அழகாக வரும். துடைத்து, காயவிட்டு, ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, நடு ஓட்டத்தில் பிடிக்க வேண்டும். லேபுக்குப் போக நேரமானால் குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: தண்ணீர் நன்றாக இருந்தும் டயாலிசேட் கெட்டுப் போகலாம். தண்ணீரோடு கலக்கிற பைகார்பனேட் கேன்தான் அதற்குக் காரணம். ஆசிட் கான்சென்ட்ரேட்டில் கிருமி வாழாது, பைகார்பனேட்டில் நன்றாக வளரும். காலையில் கலக்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று அதன் மேலேயே புதியதை ஊற்றுவது கூடவே கூடாது. அன்று கலக்கியது அன்றோடு சரி. நாள் முடிவில் கேனைச் சுத்த நீரில் அலசி, கவிழ்த்து வைத்துக் காய வைக்க வேண்டும். வேகமாகவும் நெடுநேரமும் கலக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறும், மெஷினுக்குள் சுண்ணாம்பு படியும்.

மார்ச் 10 (கேள்வி கேட்டவர்)

இந்த அளவுக்குப் பயப்பட வேண்டுமா? நிஜத்தில் தண்ணீரால் யாராவது இறந்திருக்கிறார்களா?

மார்ச் 10, இரவு (நீர் பிரிவு)

இறந்திருக்கிறார்கள். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் வந்த நீர்த்தேக்கத் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு இருந்தது. பார்வை மங்கல், வாந்தி என்று தொடங்கி நூறு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். டிடிஎஸ் மீட்டர் அந்த நச்சையும் காட்டியிருக்காது.

1993இல் சிகாகோவில் ஒரே அறையில் டயாலிசிஸ் செய்த 15 பேரில் 12 பேருக்குக் கடும் அரிப்பும் வேறு உபாதைகளும் வந்தன, மூன்று பேர் இதயத் துடிப்பு குலைந்து இறந்தார்கள். அங்கே அயனி நீக்கும் ரெசின் தீர்ந்துபோயிருந்தது. ரெசின் தீர்ந்தால் புதிதாக வருவதைப் பிடிக்காமல் விடுவதோடு நிற்காது. ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த ஃபுளோரைடையும் மொத்தமாக அவிழ்த்து விடும். அதனால் வெளியே வரும் தண்ணீர் உள்ளே வந்ததைவிட மோசமாகிறது. ரெசின் வைத்திருக்கும் இடத்தில் மின்தடை 1 மெகாஓம்-செ.மீ.க்குக் கீழே போனதும் நோயாளிகள் பக்கம் கேட்கும்படி அலாரம் அடித்து, தண்ணீர் தானாக வடிகாலுக்குத் திரும்ப வேண்டும். பிளான்ட் அறையில் மட்டும் ஒலிக்கும் அலாரம் யாருக்குக் கேட்கும்?

மார்ச் 12 (டயாலிசிஸ் செவிலியர்)

எல்லாரும் தண்ணீரையே பேசுகிறோம். சில நிமிடத்தில் உயிரைப் பறிப்பது வீனஸ் ஊசி கழன்று விழுவது. அதை இந்த இழையில் எழுதாமல் விட முடியாது.

பம்ப் நிமிடத்துக்கு 300 மி.லி. ஓடுகிறது. ரத்தம் திரும்பிப் போகிற ஊசி கழன்றால் ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் தரையில். பிரஷர் குறைந்தால் மெஷின் அலாரம் அடிக்குமே என்பார்கள். அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். காரணம் இது: திரையில் தெரியும் வீனஸ் பிரஷரில் பெரும்பகுதி அந்த மெல்லிய ஊசி தருகிற தடை. திரையில் 160 இருந்தால், கையில் ஊசி குத்துவதற்காக இணைத்த ரத்தக்குழாயான ஃபிஸ்டுலாவின் பங்கு 20 முதல் 40 வரைதான் இருக்கும். ஊசி கையிலிருந்து கழன்றாலும் குழாயின் நுனியில் அதே ஊசிதான் இருக்கிறது, தடை போகாது. 160 என்பது 130 ஆகும். கீழ் வரம்பு 100இல் இருந்தால் மெஷின் சத்தமே போடாமல் ரத்தத்தைக் கீழே ஊற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் பம்ப் வேகம் நிலையானதும் கீழ் வரம்பை இருக்கும் பிரஷருக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். நோயாளி கையை அசைத்து அலாரம் அடித்தால் வரம்பு தானாக விரிந்து கொள்ளும் மெஷின்கள் உண்டு, ரீசெட் செய்தபின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், ஊசி குத்திய இடம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குளிர்கிறது என்றால் உடம்பைப் போர்த்துங்கள், ஃபிஸ்டுலா கையைப் போர்வைக்கு வெளியே வையுங்கள். டேப் ஒட்டும்போது ஊசியின் இறக்கைக்கு அடியிலிருந்து எடுத்து மேலே குறுக்காகக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். அதன் மேல் இன்னொன்று. வியர்வையோ மருந்தோ ஈரமாக இருக்கும் தோலில் எந்த டேப்பும் நிற்காது. குழாயைப் படுக்கைக் கம்பியில் கட்டாதீர்கள், கம்பி அசைந்தால் ஊசி இழுபடும்.

மார்ச் 13 (நீர் பிரிவு)

மேலே உள்ளதோடு ஒன்று. ஈரம் உணரும் தனிக்கருவி ஊசி அருகில் வைப்பது உண்டு. கிடைக்குமானால் நினைவு தப்பியவர்களுக்கும் தூங்கிவிடுகிறவர்களுக்கும் அவசியம் வையுங்கள்.

மார்ச் 15 (கேள்வி கேட்டவர்)

டயாலைசரை ரீயூஸ் செய்வது (கழுவி அதே நோயாளிக்கு மறுபடி போடுவது) தரக்குறைவா? கேடி/வி (டயாலிசிஸ் எவ்வளவு சுத்தம் செய்தது என்ற கணக்கு) 1.5 வந்திருக்கிறது, அதனால் கவலை இல்லை என்கிறார்கள்.

மார்ச் 15, இரவு (டயாலிசிஸ் செவிலியர்)

இரண்டு கேள்வி இருக்கிறது இதில்.

ரீயூஸ் முறையாகச் செய்தால் செய்யலாம். அந்த முறைதான் பல இடங்களில் இல்லை. புது டயாலைசரின் இழைக்குள் எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று முதல் உபயோகத்துக்கு முன்பே அளந்து எழுத வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை எடுத்து எழுதக்கூடாது. 110 என்று அளந்திருந்தால் 88-க்குக் கீழே போன அன்று தூக்கி எறிய வேண்டும், அதாவது 80 சதவீதம். கிருமிநாசினி மருந்து பெராசிடிக் ஆசிட் என்றால் உள்ளே 11 மணி நேரமாவது நிற்க வேண்டும். காலையில் கழுவி மாலையில் போடுவதற்கு நேரம் போதாது. போடுவதற்கு முன் மருந்து இருக்கிறதா என்று ஒரு ஸ்ட்ரிப், அலசியபின் மருந்து மிச்சமில்லை என்று இன்னொரு ஸ்ட்ரிப். அலசிவிட்டு ஓட்டத்தை நிறுத்திச் சும்மா வைத்தால் இழைச் சுவரில் ஊறியிருந்த மருந்து மறுபடி வெளியே வரும். நோயாளி வரத் தாமதமானால் மறுபடி அலசி, மறுபடி ஸ்ட்ரிப் பாருங்கள். பெயரை இரண்டு பேர் படித்துச் சரிபார்க்க வேண்டும், ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தால் எச்சரிக்கை லேபிள் ஒட்ட வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் டயாலைசரை ரீயூஸ் செய்யவே கூடாது. அவருக்குத் தனி அறை, தனி மெஷின். அந்த வைரஸ் காய்ந்த பரப்பில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும்.

கேடி/வி கணக்கு கடைசி ரத்த சாம்பிளை எடுத்த விதத்தைப் பொறுத்தது. டயாலிசிஸ் முடிந்ததும் பம்பைக் குறைக்காமல் அப்படியே எடுத்தால், சுத்தமாகி வெளியே வந்த ரத்தமே ஃபிஸ்டுலாவில் சுற்றி மறுபடி உள்ளே வருவதால் யூரியா குறைவாகத் தெரியும். எண் உயர்ந்துவிடும். அல்ட்ராஃபில்ட்ரேஷனை (உடம்பிலிருந்து நீர் எடுப்பதை) நிறுத்தி, பம்பை நிமிடத்துக்கு 100 மி.லி.க்கு இறக்கி, 15 விநாடி விட்டு, ஆர்ட்டீரியல் பக்கம் (ரத்தம் உடம்பிலிருந்து வரும் குழாயில்) எடுக்க வேண்டும். முதல் சாம்பிளில் சலைன் கலந்தால் எதிர்ப்பக்கம் தவறும். வாரம் மூன்று முறை செய்கிறவருக்கு இலக்கு 1.4, குறைந்தது 1.2. 1.5 என்பது நல்ல எண்தான், எப்படி எடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

மார்ச் 16 (டயாலிசிஸ் செவிலியர்)

கேடி/வி நன்றாக இருந்தும் நோயாளி ஒவ்வொரு முறையும் பிரஷர் இறங்கி, கால் பிடித்து வீட்டுக்குப் போகிறார் என்றால் நீர் எடுக்கிற வேகத்தைப் பாருங்கள். எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல் போகாமல் பார்ப்பது நல்லது. 60 கிலோ உள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் 3.1 லிட்டர். உடம்பில் நான்கு லிட்டர் நீர் ஏறி வந்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும். “நாலு மணியில் முடித்துவிடுங்கள்” என்று நோயாளியே கெஞ்சுவார். அவசரமாக இழுப்பது இதயத்துக்குக் கெடுதல் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 19 (கேள்வி கேட்டவர்)

குளோரின் பதிவேட்டைக் காட்டினார்கள். மூன்று மாதமாக ஒவ்வொரு வரியிலும் 0.0. நேரம் காலை 6.00, 11.00, மாலை 4.00, ஒரு நிமிடம்கூட மாறவில்லை. நம்பலாமா?

மார்ச் 19, இரவு (நீர் பிரிவு)

0.0 வருவது இயல்பு, கார்பன் நன்றாக இருந்தால் அதுதான் வரும். நேரம் மாறாமல் இருப்பது பார்க்காமல் எழுதியதற்கு அறிகுறியாக இருக்கலாம், அதை வைத்து மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்.

அதே மருந்தை, அதே ஸ்ட்ரிப்பை, கார்பனுக்கு முன்னால் உள்ள குழாய்த் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குளோரின் போட்டு வருகிற தண்ணீர் என்றால் நிறம் வர வேண்டும். அங்கேயும் 0.0 வந்தால் மருந்து காலாவதி ஆகியிருக்கலாம், டப்பா திறந்தே கிடந்து ஈரம் பட்டிருக்கலாம். அல்லது அன்று தண்ணீரிலேயே குளோரின் இல்லாமல் இருக்கலாம். மூன்றில் எது என்று புதிய டப்பாவில் பார்த்தால் தெரியும். பதிவேட்டில் கார்பனுக்கு முந்தைய எண்ணுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் எண் நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கும்.

மார்ச் 20 (டயாலிசிஸ் செவிலியர்)

சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) வைத்திருந்தால் கடினத்தன்மையை நாள் முடிவில் பாருங்கள். ரெசின் அப்போதுதான் மிகவும் களைத்திருக்கும். குளோரினுக்கு ஷிஃப்ட் தொடக்கம், கடினத்தன்மைக்கு நாள் முடிவு. சாஃப்ட்னரின் டைமர் கடிகாரம் மின்வெட்டில் நின்று, உப்பு நீரில் கழுவும் வேலை டயாலிசிஸ் நடக்கும் நேரத்தில் தொடங்கிவிடலாம். வாரம் ஒருமுறையாவது அந்தக் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.